பொருத்து வீடும் பொதுப்பேச்சும்

நகரமைப்பைப் பற்றித் தமிழில் எழுதப்புகுவோர் காவிரிப்பூம்பட்டினத்தில் தொடங்கி மதுரையில் முடிப்பது ஒரு மரபாகிவிட்டது. மருவூர்ப்பாக்கம் எது, பட்டினப்பாக்கம் எது, எவ்வினைஞர் எவ்வீதியில் இருந்தனர் என்பனவற்றைச் சிலப்பதிகாரங் கொண்டு விரித்துரைத்து, பண்டைத் தமிழர் நகரமைப்பிற் சிறந்து விளங்கினர் என்ற முடிபுடன் கட்டுரை நிறைவெய்தும். இத்தகைய கட்டுரைகளை இழித்துரைப்பது எமது நோக்கமன்று. ஆயின், புகாரின் வீதிகளை வரிசைப்படுத்தத் தெரிந்த எமக்குக் குருநகர் ஐந்துமாடிக் குடியிருப்பில் வாழ்வோரின் நிலை யாது, சுன்னாகத்தில் முகாமிலேயே வளர்ந்து ஆளானவருக்குக் காணி ஏன் கிடைக்கவில்லை, எமது மாநகரத்துக்கென வரையப்படும் திட்டத்தில் எமது ஒழுங்கைக்கு என்ன நிறம் தீட்டப்பட்டுள்ளது என்பன தெரியாதிருக்கின்றன. இவை பற்றிய ஆய்வுகள் இல்லையென்பதற்கில்லை. அவை நிகழ்கின்றன, அறிக்கைகள் எழுதப்படுகின்றன, அச்சாகின்றன. ஆனால் யாருடைய வீட்டைப் பற்றி அவை பேசுகின்றனவோ அவர்கள் அவற்றைப் பற்றிப் பேசுவதில்லை.

வீடமைப்பு ஆய்வு பொதுமக்களின் வாய்ப்பேச்சாக மாறிய ஒரு காலப்பகுதி அண்மையில் எமது குடாநாட்டில் இருந்தது. 2015 இன் இறுதியிலிருந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நிகழ்ந்த 'பொருத்து வீடு' விவாதமே அது. அவ்விவாதத்தின் பெறுபேற்றையும் குறைபாட்டையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். எனினும் அதற்குமுன் சற்றே பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

ஆய்வைப் பொதுமக்களின் கண்முன் கொணர்வது புதிய எண்ணமன்று. ஸ்கொத்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ் 1914 இல் தமது நகரமைப்புக் கண்காட்சியைச் சென்னைக்கு அனுப்பினார். கப்பலில் ஏற்றப்பட்ட படங்களும் வரைபடங்களும் சென்னையை அடையவில்லை. இந்து சமுத்திரத்தைக் கலக்கிய எம்டன் என்னும் ஜேர்மன் போர்க்கப்பல் அக்கப்பலை மூழ்கடித்தது. (எம்டன் என்ற பெயர் எமது பேச்சுவழக்கில் இன்றும் வாழ்கின்றது, அது மூழ்கடித்தவற்றுள் ஒரு நகரமைப்புக் கண்காட்சியும் அடங்கும் என்பதை அறிந்தோர் சிலரே.) நண்பர்கள் மீண்டும் திரட்டி அனுப்பிய பொருள்களைக் கொண்டு 1915 இன் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகச் செனற் மண்டபத்தில் அக்கண்காட்சி நடைபெற்றது. அவ்வாண்டிலேயே தஞ்சாவூர், மதுரை முதலிய நகரங்களைக் காலால் நடந்து பார்த்து அவர் அறிக்கைகள் எழுதினார். அகன்ற வீதி ஒன்றை நேர்கோடாகக் கீறி அதன்மேல் நிற்கும் வீடுகளை இடித்தகற்றுவதே முன்னேற்றம் என்று அக்காலப் பொறியியலாளர் கருதினர். கெடிஸோ இடிப்பதற்கு முன் நோயறிதல் வேண்டும் என்றார். இரண்டொரு பாழ்மனைகளை அகற்றிக் காற்றுக்கு வழிவிட்டு, குளத்தைத் தூர்க்காது துப்புரவாக்கினால் குறைந்த செலவில் மக்களைப் பெயர்க்காமலே காரியம் முடியும் என்று காட்டினார்.

இந்தூரில் அவர் செய்தது இன்னும் சுவையானது. கொள்ளைநோய் பரவிய அந்நகரில் தீபாவளியை ஒட்டி ஒரு பெரும் ஊர்வலத்தை ஒழுங்குசெய்தார். துப்புரவான வீதிகள் வழியாகவே ஊர்வலம் செல்லும் என்று அறிவித்தமையால், தத்தம் வீதியைத் தெரிவுசெய்விக்க மக்கள் போட்டியிட்டுக் கூட்டிப் பெருக்கினர். எலி எவ்வாறு நோய் பரப்புகின்றது என்ற ஆய்வு முடிபு அங்கு அறிக்கையாக வராமல் தேராக வந்தது. இவற்றையெல்லாம் ஒரு குடியேற்ற ஆட்சியின் நிழலில் நின்றே அவர் செய்தார் என்பதை நாம் மறத்தலாகாது. மன்னனின் இசைவு இல்லாவிடின் ஊர்வலமும் இல்லை. எனினும், திட்டமிடுவோன் முதலிற் பேச வேண்டியது நகரத்தவரோடு என்ற உணர்வு அவரிடம் இருந்தது. 1921 இல் கொழும்புக்கும் அவர் ஒரு திட்டம் வரைந்தார்.

இலங்கையில் அதன் பின்னர் நிகழ்ந்தது வேறு. 1915 இன் வீடமைப்பு, நகர முன்னேற்றக் கட்டளைச் சட்டத்திலிருந்து 1946 இன் நகர, நாட்டுத் திட்டமிடற் கட்டளைச் சட்டம் வழியாக 1978 இன் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் வரை, திட்டமிடல் படிப்படியாக ஓர் அலுவலக வினையாயிற்று. 1982 இன் திருத்தச் சட்டம் திட்ட வரைவைப் பொதுமக்களின் பார்வைக்கு வைத்து அவர்தம் ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும் என்று விதித்துள்ளமை உண்மையே. ஆனால் பார்வைக்கு வைத்தல் வேறு. பார்க்கச் செய்தல் வேறு. ஒரு முறை நண்பர் ஒருவருடன் ஓர் அலுவலகத்திற்குச் சென்று வரைவொன்றைப் பார்க்கக் கேட்டேன். அங்கிருந்தவர் மரியாதையாகவே நடந்துகொண்டார். மேசையில் விரித்த வரைபடமும் அதன் விளக்கக் குறிப்பும் ஆங்கிலத்தில் இருந்தன. ஊதா நிறம் எதைக் குறிக்கின்றது என்று கேட்டபோது அவரும் எம்முடன் சேர்ந்து குறிப்பைத் தேடினார். சட்டப்படி நாங்கள் திட்டத்தைப் பார்த்தாயிற்று.

மொழி பற்றிய இப்பிரச்சினை ஆங்கிலத்தோடு முடிவதில்லை. தமிழாக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. திட்டமிடல் நூல்களில் 'வலயம்' என்பது வெறுமனே ஒரு நிலப்பயன்பாட்டுப் பிரிவு. வதிவிட வலயம், வர்த்தக வலயம் என்று அது பேசும். யாழ்ப்பாணத்தவரின் செவியில் அச்சொல்லுக்கு வேறொரு வரலாறு உண்டு. 'உயர் பாதுகாப்பு வலயம்' என்ற தொடர் வழியாகவே அச்சொல் எமது வீடுகளுக்குள் நுழைந்தது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்தவர்களுக்கு வலயம் என்பது தமது கிணற்றையும் பனையையும் முட்கம்பிக்கு அப்பால் நின்று பார்க்கும் அனுபவம். 2013 ஏப்பிரலில் அங்கு 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டபோது, உரிமை கோருவோரைக் கண்டறிய முடியவில்லை என்று அவற்றிற் கூறப்பட்டிருந்தது. அவ்வுரிமையாளரோ சில மைல் தொலைவில், முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தனர். நீதிமன்றஞ் சென்று தாம் இருப்பதை நிறுவ வேண்டியதாயிற்று. இவ்வரலாற்றை அறியாத திட்டமிடலாளர் ஒருவர் ஊர்க்கூட்டமொன்றில் எழுந்து 'உங்கள் பகுதியை ஒரு வலயமாக்க உத்தேசித்துள்ளோம்' என்று தொடங்கினால், அவருடைய ஆய்வு எத்துணைச் சிறந்ததாயினும் அவ்வொரு சொல்லோடு அது செத்துவிடும்.

'பயனாளி' என்பது இன்னொரு சொல். இந்திய அரசின் வீடமைப்புத் திட்டம் 2010 இல் அறிவிக்கப்பட்டது. மொத்தம் 50,000 வீடுகள். அவற்றுள் 46,000 வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு உரியன. முன்னோடியான 1,000 வீடுகள் ஒப்பந்தகாரர் மூலம் கட்டப்பட்ட பின், 2012 ஒக்ரோபரிலிருந்து உரிமையாளரே கட்டும் முறை கைக்கொள்ளப்பட்டது. புதிய வீடொன்றுக்கு 550,000 ரூபா, கட்டங்கட்டமாக வங்கிக் கணக்கில் இடப்பட்டது. ஆகக்குறைந்தது 550 சதுர அடி கட்ட வேண்டும். மேசனைப் பிடிப்பவர், கல்லரிபவர், மணலுக்கு அலைபவர், அத்திவாரத்துக்கு நீரூற்றுபவர், பணம் போதாதபோது நகையை அடகு வைப்பவர் எல்லாம் ஒருவரே. ஆயினும் அறிக்கையில் அவர் பயனாளி, அதாவது பெறுபவர். வீடு என்பதை ஒரு பொருளாகக் கொள்ளாது அது மக்களுக்கு என்ன செய்கின்றது என்பதையே நோக்க வேண்டுமென்று பெரு நாட்டிற் பணியாற்றிய கட்டடக்கலைஞர் ஜோன் டேணர் 1976 இல் ஒரு நூலில் வாதிட்டார். 1984 இல் தொடங்கிய இலங்கையின் பத்து இலட்சம் வீட்டுத் திட்டமும் இவ்வெண்ணத்தின் சாயலுடையதே. செயலுக்குள் வந்துவிட்ட எண்ணம் சொல்லுக்குள் இன்னும் வரவில்லை.

இப்பின்னணியிலேதான் பொருத்து வீடு வந்தது. போரினால் வீடிழந்த குடும்பங்களுக்கு 65,000 வீடுகள் கட்டுவதற்கு 2015 இன் இறுதியில் விலைமனு கோரப்பட்டு, ஆர்சிலர் மித்தல் என்னும் பன்னாட்டு உருக்குக் கம்பனி தெரிவாயிற்று. தொழிற்சாலையில் வார்த்த உருக்குப் பாகங்களைக் கொணர்ந்து பூட்டி நிறுத்துவது முறை. ஒரு வீட்டுக்கு 21 இலட்சம் ரூபாவிற்கு மேல் விலை கூறப்பட்டது. மாதிரி வீடுகள் எழுப்பிக் காட்டப்பட்டன. விரைவாகக் கட்டலாம், தளபாடமும் சூரிய மின்கலமும் சேர்ந்து வரும், நிதியையும் கம்பனியே வெளிநாட்டுக் கடனாக ஒழுங்குசெய்யும் என்பன ஆதரித்தோர் கூற்று. ஆண்டுக்கணக்காகத் தகரக் கொட்டிலில் வாழ்ந்தவருக்கு விரைவு என்பது சிறிய விடயமன்று. இதனை எதிர்த்தோருள் எல்லோரும் மழைக்காலத்தைத் தகரத்தின் கீழ்க் கழித்தவரல்லர் என்பதையும் கூறிவைத்தல் நேர்மையாகும்.

விவாதத்தைத் தொடக்கியவர்கள் இரு திறத்தினர். ஒருபுறம் பேராசிரியர் பிரியான் டயஸ் உள்ளிட்ட மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர். அத்திவாரம் போதிய வலுவுடையதன்று, கூரையின் தாங்கல் ஐயத்திற்குரியது, காற்றோட்டம் குறைவு, விறகடுப்புக்குப் புகைபோக்கி இல்லை, உப்புக் காற்றில் உருக்கு துருப்பிடிக்கும், பழுதுபட்டால் ஊர்த் தொழிலாளி திருத்த முடியாது, பின்னர் ஓர் அறை கூட்டிக்கட்ட இயலாது என்பன அத்துறைசார் மதிப்பீட்டில் எழுந்த குறைகள். மறுபுறம் அகிலன் கதிர்காமர், முத்துக்கிருஷ்ணா சர்வானந்தன் முதலிய சமூக, பொருளியல் ஆய்வாளர். அவர்களுடைய வினா வீட்டின் சுவரைப் பற்றியதன்று. பணம் எங்கே செல்கின்றது என்பது. ஏறத்தாழ 10 இலட்சம் ரூபாவில் ஒரு சீமெந்துக் கல் வீட்டைக் கட்டலாமெனின், ஒரு பொருத்து வீட்டின் விலையில் இரண்டு குடும்பங்கள் குடியேறும். மேசன், தச்சன், கல்லரிபவன், ஓடு சுமக்கும் உழவு இயந்திரக்காரன் ஆகியோரின் கைக்குச் செல்ல வேண்டிய கூலி, தொழிற்சாலை வாயிலிலேயே நின்றுவிடும். பொறியியலாளரும் பொருளியலாளரும் ஒருங்கு சேர்ந்து மாற்றுத் திட்டமொன்றையும் முன்வைத்தனர். மறுப்பதோடு நில்லாமல் கணக்கோடு மாற்றைக் காட்டியமையே அவர்களுடைய பேச்சுக்கு வலுவளித்தது என்பது எமது கருத்து.

அப்போது நான் பாடசாலை மாணவன். எமது ஊர்ச் சனசமூக நிலையத்தின் வாங்கில் காலையிற் பத்திரிகை பார்க்க வருவோரிடையே இக்கதை நடந்தது எனக்கு நினைவிருக்கின்றது. பத்திரிகை ஒன்று, வாசிப்பவர் ஒருவர், கேட்பவர் ஐந்தாறு பேர், மறித்துப் பேசுபவர் எல்லோரும். 'பொருத்து வீடு' என்ற சொல் அங்கு தானாகவே விமரிசனமாக மாறியது. முன்னுருவாக்க உருக்குக் கட்டமைப்பு என்று யாரும் கூறவில்லை. பொருத்து என்றவுடனே 'பொருந்துமோ?' என்ற வினா பிறந்துவிடுகின்றது. ஓய்வுபெற்ற மேசன் ஒருவர், இரும்புத் தூணைச் சுண்ணக்கல் நிலத்தில் எப்படி நிறுத்துவது என்று பொறியியலாளரை விட நுணுக்கமாக விளக்கினார். அவருடைய விளக்கம் சரியோ பிழையோ நான் அறியேன். தமது அறிவும் இதில் எடுபடும் என்று அவர் எண்ணினார் என்பதே முக்கியம். நல்ல தமிழ்ச் சொல்லொன்று கிடைத்தமையால் மொறட்டுவையின் ஆய்வு வாங்குவரை வந்தது.

இவ்விடத்தில் எமது வீட்டின் இயல்பைச் சற்று விளக்குதல் தகும். யாழ்ப்பாணத்து வீடு ஒரே முறையிற் கட்டிமுடிக்கப்படுவதன்று. முதலில் ஓர் அறையும் அடுக்களையும். பின்பு ஒரு விறாந்தை. மூத்த மகள் வயதுக்கு வந்ததும் இன்னோர் அறை. வெளிநாட்டிலிருந்து காசு வந்தாற் பூச்சும் நிலத்துக்கு ஓடும். அடுக்களை பெரும்பாலும் தனித்து நிற்கும். சோளகம் அடிக்கும்போது புகை வீட்டுக்குள் வராதபடி திசை பார்த்து வைக்கப்படும். நாற்சார் வீடு வசதியுள்ளோருக்கு உரியது. அதன் நடுமுற்றம் செய்த வேலையை ஏழை வீட்டில் வேப்பமர நிழல் செய்தது. வேலியும் படலையும் கிணற்றடியும் வாழைப்பாத்தியும் வீட்டின் புறத்தேயுள்ள உறுப்புகளே. பாதி வேலை முடிந்த சுவரின் உச்சியில் நீட்டி நிற்கும் கம்பிகளைக் கண்டு, வெளியிலிருந்து வருவோர் இவர்கள் முடிக்கத் தெரியாதவர்கள் என்பர். அக்கம்பிகள் அடுத்த தலைமுறைக்கு விடப்பட்ட இடம். ஒரே நாளிற் பூட்டி முடித்துச் சாவியைக் கையளிக்கும் வீட்டில் அவ்விடம் இல்லை. கூட்டிக்கட்ட இயலாது என்ற பொறியியற் குறிப்பு மக்களிடையே இத்துணை வேகமாகப் பரவியதன் காரணம் இதுவே என்று நான் கருதுகின்றேன். ஆய்வாளர் அதனை ஒரு தொழில்நுட்பக் குறைபாடாக எழுதினர். மக்கள் அதில் ஒரு வாழ்க்கைமுறையின் மறுப்பை வாசித்தனர்.

65,000 என்ற அந்த அளவில் பொருத்து வீட்டுத் திட்டம் ஒருபோதும் நிறைவேறவில்லை. அரசியற் கட்சிகளின் எதிர்ப்பும் விலை பற்றிய ஐயமும் அதில் பங்கு வகித்தன. ஆய்வாளரின் குரல் மாத்திரமே அதனைத் தடுத்தது என்பது மிகை. எனினும் ஆய்வு இல்லாதிருந்தால் எதிர்ப்புக்குச் சான்று இருந்திராது.

அவ்வாறாயின் இதனை வெற்றியாகக் கொண்டு முடித்துவிடலாமே என்று கேட்கலாம். முடித்துவிட இயலாமைக்குக் காரணங்கள் உள. முதலாவது, அவ்விவாதம் சுவரையும் கூரையையும் பற்றியதாக இருந்ததேயன்றி நிலத்தைப் பற்றியதாக வளரவில்லை. பொருத்து வீடாயினும் கல்வீடாயினும் அதனைப் பெறுவதற்குக் காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ வேண்டும். சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமிலும் கோணாப்புலத்திலும் நெடுங்காலம் வாழ்ந்தோருட் பலர் இடம்பெயருமுன்பே காணியற்றவர்கள். பிறர் காணியிற் குடியிருந்தவர்கள். அவர்களுள் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதை எமது பொதுப்பேச்சு நாகரிகமாகத் தவிர்த்துக்கொள்கின்றது. இராணுவம் காணியை விடுவித்தபோது உறுதியுள்ளவர் திரும்பினர். உறுதியற்றவருக்குத் திரும்புவதற்கு ஓர் இடம் இல்லை. தேசவழமையும் 1947 இன் முற்கொள்வனவுக் கட்டளைச் சட்டமும் காணி பிறர் கைக்குச் செல்லுமுன் பங்காளரையும் உரிமையுள்ளோரையும் நினைவில் வைத்திருக்கின்றன. காணியே இல்லாதவனை நினைவில் வைக்கும் வழக்கம் எமக்கில்லை.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1981 இல் ஏறத்தாழ 118,000 பேர் வாழ்ந்த யாழ்ப்பாண மாநகரத்தில் 2012 கணக்கெடுப்பின்போது இருந்தோர் ஏறத்தாழ 88,000 பேர். சென்றவர்களின் வீடுகள் செல்லவில்லை. பூட்டிய படலைகளும் அற்றோணித் தத்துவத்தில் உறங்கும் உறுதிகளும் ஒரு பக்கம். இரண்டு பரப்புக் காணி கேட்டுப் பிரதேச செயலகத்தின் வாயிலில் நிற்போர் மறுபக்கம். இவ்விரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்து ஒரு தமிழ்ப் பத்திரிகை வெளியிட்டதை நான் கண்டதில்லை. வெளியிட்டால் கோபிப்போர் பலர். சந்தாதாரருள்ளும் சிலர் இருப்பர்.

இரண்டாவது காரணம் கடன். உரிமையாளரே கட்டும் முறையைப் போற்றிய நாம் அதன் நோவைப் போதிய அளவு பேசவில்லை. 550,000 ரூபா பலருக்குக் கூரைவரைதான் போயிற்று. மணலும் சீமெந்தும் கூலியும் ஏற, மிகுதிக்கு அடகும் வட்டிக்கடனும் துணையாயின. என் பெரியம்மா வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். ஒரு திட்டத்தின் உதவியோடு அவர் கட்டிய வீட்டில் இன்றும் வெளிப்பூச்சு இல்லை. அவருடைய இரு சோடி காப்புகள் மீளவேயில்லை. மாற்று முன்மொழிவு எதுவாயினும் அதனைப் புகழுமுன் இவ்வகை வீடுகளின் கணக்குப் புத்தகங்களைப் பார்த்திருத்தல் வேண்டும். பொருத்து வீட்டைக் குறைகூறிய வேகம் எமது சொந்த முறையைக் குறைகூறுவதில் இருக்கவில்லை.

மூன்றாவது, விவாதத்தின் மொழி. விரிவான கட்டுரைகளுட் பல ஆங்கில ஏடுகளிலேயே வந்தன. ஊருக்கு வந்தவை அவற்றின் சாரமும் அரசியல்வாதிகளின் அறிக்கைகளுமே. விலை ஒப்பீட்டு அட்டவணை சனசமூக நிலைய வாங்கை எட்டவில்லை. விவாதம் ஓய்ந்ததும் பேச்சும் ஓய்ந்தது. அடுத்த திட்டம் வரும்போது நாம் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். உலக வங்கியின் கடனுதவியுடன் நடந்த மூலோபாய நகரங்கள் அபிவிருத்தித் திட்டத்தில் 2016 இல் யாழ்ப்பாணமும் சேர்க்கப்பட்டபோது, வடிகாலும் குளமும் வீதியும் பற்றி எத்தனையோ ஆய்வுகள் வேண்டியிருந்தன. அவற்றுக்கு 'பொருத்து வீடு' போன்று நாவிற் படியும் ஒரு சொல் வாய்க்கவில்லை, பேச்சும் எழவில்லை.

ஆய்வு மக்களிடம் வருவதிலுள்ள இடரையும் மறைத்தற்கில்லை. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் 2014, 2015 ஆம் ஆண்டுகளிற் பெருந் துயரமாயிற்று. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல். ஓரிடத்திற் சிந்தியது பிறிதோர் இடத்திற் கிணற்றில் ஊறும். மாகாண சபை அமைத்த நிபுணர் குழு கூறியதும் ஏனைய பரிசோதனைகள் கூறியதும் வேறுபட்டன. அறிவியலில் இத்தகைய முரண் வழமையானது. ஆனால் 'இந்தத் தண்ணியைப் பிள்ளைக்குக் குடுக்கலாமோ?' என்று கேட்ட தாய்க்கு முரண்பட்ட இரு விடைகள் விடையே அல்ல. உயர் நீதிமன்றம் 2019 இல் வழங்கிய தீர்ப்பிற் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு விதிக்கப்பட்டது. அதற்கிடையே ஆய்வு என்ற சொல்லே ஊரிற் கேலிக்குரியதாகிவிட்டது. ஐயம் எங்கே உள்ளது, எவ்வளவு உள்ளது, அது தீரும்வரை எதைக் குடிப்பது என்று தெளிந்த தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கிணற்றடிகளிற் கொடுத்திருந்தால், கேலிக்கு இத்துணை இடம் இருந்திராது. இது வீடமைப்புக்கும் உரியது: காணிகள் இரண்டு பரப்பாகவும் ஒன்றரைப் பரப்பாகவும் துண்டாடப்படும்போது, கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே வேண்டிய தூரம் எங்கிருந்து வரும்? அயலவரின் குழிக்கும் எமது கிணற்றுக்கும் இடையில் வேலி உண்டு. நிலத்தின்கீழ் வேலி இல்லை.

பிறர் என்ன செய்தனர்? கண்டியில் மினற் டி சில்வா, 1950களில் வட்டப்புலுவ வீடமைப்புத் திட்டத்தை வரைந்தபோது, குடிவரவிருந்த பல இனத்தவரான அரச ஊழியர்களிடம் வினாக்கொத்துகளைக் கொடுத்து அவர்தம் தேவைகளைக் கேட்டு எழுதினார். கேரளத்தில் 1962 இல் தோன்றிய சாஸ்திர சாகித்திய பரிஷத்து, அறிவியலைத் தாய்மொழியில் ஊர்தோறும் கொண்டுசென்றது. அதன் தொண்டர்கள் ஊரவரோடு சேர்ந்து நிலத்தையும் நீரையும் வரைபடமாக்கினர். 1996 இல் அங்கு தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்திற்கு அது அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. அவ்வியக்கத்தை அப்படியே எமது நாட்டில் நடலாம் என்று நான் கூறவில்லை; அங்கு ஊராட்சிக்குப் பணமும் அதிகாரமும் பகிரப்பட்டன.

எமது பல்கலைக்கழகத்தின் பக்கமும் பார்க்க வேண்டும். நகரத் திட்டமிடலைப் பட்டப்படிப்பாகப் பயில விரும்பும் தமிழ் மாணவர் மொறட்டுவைக்குச் சென்று ஆங்கிலத்திற் பயில வேண்டும். இங்கோ புவியியலும் சமூகவியலும் பொருளியலும் பயில்வோர் தத்தம் ஊரின் சந்தையை, குளத்தை, குடியேற்றத்தை இறுதியாண்டு ஆய்வேடாக எழுதுவது வழக்கம். வினாக்கொத்துடன் வீடுவீடாகச் சென்று, தேநீர் குடித்து, மாலை மயங்கும்வரை கதை கேட்டு எழுதப்பட்டவை அவை. புள்ளியிட்ட பின் அவை இறாக்கையில் ஏறுகின்றன. தேநீர் கொடுத்த வீட்டுக்கு அவற்றின் பிரதி செல்வதில்லை. அவற்றின் நடையும் ஒரு தடையே. 'பதிலிறுப்போரில் பெரும்பான்மையினர் திருப்தியின்மையை வெளிப்படுத்தினர்' என்று எழுதுகின்றோம். அவர்கள் சொன்னது 'மழைக்குள்ள இருக்கேலாது' என்பதுதான். நானும் சென்ற ஆண்டு இத்தகைய வாக்கியங்கள் பலவற்றை எழுதிப் புள்ளி பெற்றவனே.

பெரிய காரியம் எதுவும் உடனே வேண்டியதில்லை. குடாநாட்டின் ஊர்களிற் சனசமூக நிலையங்கள் உள்ளன. அவற்றில் ஒரு மேசையும் ஒரு சுவரும் உள்ளன. அவ்வூரைப் பற்றிய ஆய்வேட்டின் நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கமும், திட்ட வரைவில் அவ்வூர் வரும் துண்டின் பெருப்பித்த படமும், நிறங்களின் விளக்கமும் அச்சுவரில் தொங்கலாம். 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வரைவையும் மதிப்பீட்டையும் கேட்டுப் பெறும் உரிமை ஊரவருக்கும் உண்டு, மாணவருக்கும் உண்டு. படத்தில் எமது வேலி எங்கே என்று ஒருவர் விரலால் தேடத் தொடங்கினால் மற்றவர் வந்து கூடுவர்.

இக்கட்டுரையின் முதல் வரைவைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கெடிஸைப் பற்றிய பகுதியில் அவர் கண்ணயர்ந்தார். பொருத்து வீட்டின் குறைகளை நான் வரிசையாக வாசித்தபோது எழுந்திருந்து கேட்டார். வெக்கை, துரு, அத்திவாரம் எல்லாம் கேட்டு முடித்த பின், "அது சரி மோனை, அந்த வீட்டை ரெண்டாப் பிரிச்சு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளுக்கும் எழுதேலுமோ?" என்றார். நான் பார்த்த கட்டுரைகள் எவற்றிலும் இவ்வினா இல்லை. எனது வரைவில் இதனை எங்கே சேர்ப்பது என்று தெரியாமையால் இங்கே வைத்துள்ளேன்.